உதவி: ஃபைனல் ஃபேண்டசி 8 வீடியோ கேம், முதல் வட்டின் கடைசி பாஸ் (பெரிய எதிரி) சாக மாட்டேன் என்கிறது

மழைக்காகம்:
அவசரம். டெலிங் நகரத்தில் மாட்டிக்கொண்டேன். முதலில் வரும் எதிரி சைஃபரை எப்படியோ தாண்டினால் அடுத்து வரும் சூனியக்காரி ஈடியா, அந்த பாஸ், என் குழுவின் மூன்று பேரையும் முடித்துவிடுகிறாள். ஆறு தடவை தோற்றாச்சு. லெவல் நன்றாக ஏற்றித்தான் வந்தேன், பலனில்லை. என்ன செய்ய?

செங்கல்சூளை:
லெவல் எவ்வளவு? யாரிடம் எந்த ஜி.எஃப். (அழைத்தால் வந்து உதவும் காவல் சக்தி) இருக்கிறது? பழைய பிளேஸ்டேஷனா, 2019 ரீமாஸ்டரா? ரீமாஸ்டர் என்றால் உயிரை நிரப்பிக்கொள்ளும் சண்டை உதவி உண்டு.

கோடைமேகம்:
கார்பங்கிள் என்ற ஜி.எஃப். இருக்கிறதா? இதற்கு முன் உங்கள் குழுவின் ரினோவாவைத் தாக்கும் அந்த இரண்டு பல்லிகளிடமிருந்து டிரா செய்ய (உறிஞ்சி எடுக்க) வேண்டும். அதை அழைத்தால் மூவருக்கும் ரிஃப்ளெக்ட் வரும், ஈடியாவின் மந்திரம் அவளுக்கே திரும்பும். விட்டுவிட்டால் கடைசிக் கோட்டை வரை காத்திருக்க வேண்டும்.

பழையவட்டு:
1999 முதல் இதை ஆடுகிறேன். லெவல் ஏற்றியதே உங்கள் தவறு. குழுவின் சராசரி லெவலைப் பார்த்துத்தான் எதிரியின் லெவலும் ஏறும். பாஸை வென்றால் அனுபவப் புள்ளியே தராத ஆட்டம் இது, ஏன் என்று யோசித்திருக்கலாம். குவெசகோட்டல் என்ற ஜி.எஃப். தரும் கார்டு திறனால் எதிரியைக் கார்டாக மாற்றினால் ஜி.எஃப். திறன் கற்க உதவும் ஏ.பி. புள்ளி மட்டும் வரும், லெவல் ஏறாது. பயிற்சிப் பகுதியைப் பொறுமையாகப் படித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

செங்கல்சூளை:
பயிற்சிப் பகுதியில் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வேறு எல்லா ஆட்டமும் “லெவல் ஏற்று, பலம் வரும்” என்று பழக்கியிருக்கிறது. இங்கே மட்டும் அது தலைகீழ். புதிதாக வருபவரைத் தண்டிக்கிற அமைப்பு, இந்த ஆட்டத்தின் பெரிய குறையே அதுதான். அப்புறம் அந்த டிரா! ஒரு தடவைக்கு அதிகபட்சம் 9 மந்திரம். ஆளுக்கு 100 சேர்க்க ஒரே எதிரி முன் நின்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பழையவட்டு:
டிராவை நம்பி உட்காருவது உங்கள் விருப்பம். சைரன் என்ற ஜி.எஃப்.புக்குப் பொருளிலிருந்து உயிர் மந்திரம் வடிக்கும் திறனைக் கற்றுக்கொடுங்கள். ஒரு கூடாரத்துக்கு 10 கியூராகா (குணமாக்கும் மந்திரம்). பத்துக் கூடாரத்தில் 100 வந்துவிடும். அதை உயிர்ப் புள்ளியில் ஜங்ஷன் செய்தால் (இணைத்தால்) 2200 கூடும், முதல் வட்டிலேயே! எம்.பி. (மந்திரம் வீசச் செலவாகும் புள்ளி) இல்லாமல் மந்திரத்தையே உடல் பலமாக மாற்றிய இந்தத் துணிச்சல் 1997இல் வந்த ஏழாம் பாகத்தில் கிடையாது.

கோடைமேகம்:
ஏழில் மெட்டீரியா என்ற மந்திர உருண்டையைக் கோத்தால் போதும், மந்திரத்தைத் தயங்காமல் வீசலாம். எட்டில் ஜங்ஷன் செய்த மந்திரத்தை வீசினால் பலம் இறங்குகிறது. அதனாலேயே யாரும் மந்திரம் வீசுவதில்லை. அழகான மந்திரங்களைச் செய்துவைத்துவிட்டு அவற்றைப் பெட்டியில் பூட்டச் சொல்வது சரியான வடிவமைப்பா? உள்ளே வரும் சீட்டாட்டமும் இசையமைப்பாளர் உவெமட்சுவின் இசையும் இல்லையென்றால் நான் பாதியில் விட்டிருப்பேன்.

தேன்சிட்டு:
கேட்டவரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். மழைக்காகம், ஒன்று மட்டும் பாருங்கள். அந்தச் சண்டையில் நாயகன் ஸ்குவாலுடன் வருவது இர்வைனும் ரினோவாவும்தான். அதுவரை நீங்கள் வழக்கமாக யாரை வைத்து ஆடினீர்கள்? ஜி.எஃப். எல்லாம் வாயிலை மூடப் போன மற்றக் குழுவிடம் இருந்தால் உங்கள் மூவரும் வெறுங்கையோடு நிற்பார்கள். மெனுவில் ‘சுவிட்ச்’ போய் ஜங்ஷனை அப்படியே ஆள் மாற்றிக் கொடுக்கலாம். எனக்கும் முதல் முறை இதேதான் நடந்தது.

பழையவட்டு:
இவ்வளவு அடிப்படையான விஷயத்தில் யாரும் தவற மாட்டார்கள். லெவல்தான் காரணம்.

மழைக்காகம்:
லெவல் 38. வாயிலுக்குப் போன ஜெல்லிடமும் குவிஸ்டிஸிடமும்தான் ஜி.எஃப். எல்லாம் இருந்தது. மாற்றினேன், முதல் முயற்சியிலேயே முடிந்தது. இரண்டாம் வட்டைப் போடச் சொல்கிறது. நன்றி தேன்சிட்டு.

கோடைமேகம்:
கார்பங்கிளை எடுத்தீர்களா?

கோடைமேகம்:
மழைக்காகம்?