டிரைக்கோகிரம்மா அட்டை கட்டியும் கரும்பில் இடைக்கணுப் புழு குறையவில்லை. என்ன செய்யலாம்?

மேட்டுக்காடு:
வணக்கம். 2 ஏக்கர் நடவுக் கரும்பு, கோ 86032 ரகம். ஐந்தாம் மாதம் முடியப் போகிறது. நான்காம் மாதத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு தடவை ஏக்கருக்கு 1 சிசி டிரைக்கோகிரம்மா அட்டை (ஒட்டுண்ணிக் குளவி அடங்கிய முட்டைகள் ஒட்டிய காகிதம்) கட்டுகிறோம். அப்படியும் சோகையை விலக்கினால் இடைக்கணுவில் ஓட்டை, ஓட்டை வாயில் ஈரமான எச்சம். சில கரும்பில் கணுக்கள் நெருங்கிக் குட்டையாக நிற்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரர் "காகிதத்தைக் கட்டினால் புழு சாகுமா" என்று சிரிக்கிறார். அட்டை மோசமா, அளவு போதவில்லையா, இல்லை மருந்துதான் அடிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்:
அட்டையெல்லாம் வேலைக்கு ஆகாது. கடையில் கேட்டு நல்ல மருந்தாக அடித்துவிடுங்கள்.

அந்துப்பூச்சி வளர்த்தவன்:
மேலே சொன்ன நண்பருக்கு ஒன்று: ஐந்து மாதக் கரும்புக்குள் புகுந்து மருந்து அடிப்பதே பெரும்பாடு. அடித்தாலும் தண்டுக்குள் இருக்கிற புழுவின் மேல் அது எப்படிப் படும்?

மேட்டுக்காடு, நான் சில வருடம் இந்த அட்டை தயாரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவன். முதலில் ஒரு விஷயம். இந்தக் குளவி புழுவைத் தொடவே தொடாது. அதற்கு வேண்டியது அந்துப்பூச்சி இட்ட முட்டை. அரை மில்லிமீட்டர் அளவு உடம்பு, வெறும் கண்ணுக்குத் தூசி மாதிரி இருக்கும். தாய்க் குளவி புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே இருப்பதைத் தின்று குளவிக் குஞ்சு வளரும், அந்த முட்டையிலிருந்து புழு வராது. ஏற்கெனவே பொரித்துத் தண்டுக்குள் போய்விட்ட புழுவுக்கும் அட்டைக்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் இன்று பார்க்கிற ஓட்டை சில வாரங்களுக்கு முன் பொரித்த முட்டையின் வேலையாக இருக்கலாம். அதை வைத்து அட்டையை எடை போடாதீர்கள். மேலே புதிதாக விட்ட கணுக்களில் ஓட்டை விழுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், போன முறை கட்டிய துண்டுகள் இன்னும் தோகையில் ஒட்டிக்கொண்டு இருக்கும். காட்டின் நடுவிலும் ஓரத்திலும் கொஞ்சம் பிய்த்து வந்து லென்ஸில் பாருங்கள். கறுத்த முட்டையில் வட்டமாகச் சிறு ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். கறுப்பாக இருந்து ஓட்டை இல்லை என்றால் உள்ளேயே செத்துவிட்டது. அட்டையில் ஒட்டுவது குளவியை வளர்க்கப் பயன்படுத்தும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை. வெளுத்தோ சுருங்கியோ இருப்பவை ஒட்டுண்ணி ஏறாத முட்டைகள். அவை நிறைய இருந்தால் அட்டையே தரமில்லை. நல்ல அட்டையில் பத்துக்கு ஒன்பதாவது கறுத்திருக்க வேண்டும். முட்டையே இல்லாமல் பசை மட்டும் தெரிந்தால் ஏதோ தின்றுவிட்டது.

பார்த்துவிட்டு இதையும் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் கட்டினீர்கள்? தோகையின் எந்தப் பக்கம்? சுற்றுவட்டத்தில் யாராவது மருந்து அடித்தார்களா?

மேட்டுக்காடு:
பார்த்தேன் அண்ணா. பையனுடைய பள்ளிக்கூட லென்ஸ் உதவியது. வரப்பை ஒட்டிய வரிசைகளில் பாதிக்கு மேல் வெறும் பசைதான். ஒரு துண்டில் சிற்றெறும்பு இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது! நடுக்காட்டில் கறுப்பு முட்டைகள் அப்படியே இருக்கின்றன, சிலவற்றில்தான் ஓட்டை. வெள்ளை முட்டை அதிகம் இல்லை.

அட்டை கொண்டு வருபவர் பதினோரு மணிக்குத்தான் வருவார். அவர் வண்டி முன்பெட்டியில் வைத்து நாலு ஊர் சுற்றிவிட்டு வருகிறார். வந்த உடனே ஸ்டேப்ளரில் தோகையின் மேல்பக்கம் அடித்துவிடுவோம். கிழக்குப் பக்கக் கத்தரிக்காட்டில் வாரம் ஒரு தடவை புரபனோபாஸ் அடிக்கிறார்கள்.

அந்துப்பூச்சி வளர்த்தவன்:
அப்படியானால் அட்டையில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, அது உங்கள் காட்டுக்கு வந்து சேரும் விதத்தில்தான் கோளாறு. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் சூடு எப்படி ஏறும் என்று தெரியும்தானே. முட்டைக்குள் குளவி கூட்டுப்புழுவாக இருக்கும் நேரம் அது. அதற்கு மேல் உச்சி வெயிலில் தோகையின் மேல்பக்கம் வேறு. ஓட்டை விழாத கறுப்பு முட்டைகளுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஐஸ் அட்டையில் நேராகப் படக் கூடாது. அன்று கட்ட முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 10 டிகிரி சூட்டில் சில நாள் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம். அட்டையில் குளவி வெளிவரும் நாள் போட்டிருக்கும், அதற்கு முந்தின நாள் சாயங்காலம் கட்டுவது உத்தமம். எவ்வளவு நேரம் குறைவாகக் காட்டில் தொங்குகிறதோ, எறும்புக்கு அவ்வளவு வாய்ப்புக் குறைவு. இதைப் பலர் கவனிப்பதில்லை. நாலு நாள் முன்னதாகவே கட்டிவிட்டு, அட்டை வேலை செய்யவில்லை என்பார்கள்.

தோகையின் அடிப்பக்கம் கட்டுங்கள். துண்டுகளை வரப்போரமாக மட்டும் அடித்துவிட்டுப் போகாமல் காடு முழுக்கப் பரப்புங்கள். இது காற்றில் வெகுதூரம் பறந்து தேடும் பூச்சி இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு துண்டாவது இருக்கட்டும்.

புரபனோபாஸ் இந்தக் குளவிக்கு எமன். கத்தரிக்காரரிடம் பேசி, அவர் அடிக்கிற நாளும் நீங்கள் கட்டுகிற நாளும் ஒட்டி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் அந்தப் பக்கத்து வரிசைகளை நம்ப வேண்டாம்.

ஏரிக்கரை அம்மா:
தம்பி, எறும்புக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். அட்டையைக் காட்டில் கட்டுவதே இல்லை. துண்டுகளை அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலான அறையில் வைத்துவிடுவேன். துணியின் உள்பக்கம் தேன் ஒரு சொட்டு தடவி இருக்கும். காலையில் கறுப்புப் பொடி தூவினது மாதிரி டப்பாச் சுவரில் குளவி ஊர்ந்தால் உடனே கரும்புக்குள் நடந்து, அங்கங்கே நின்று டப்பாவைத் திறந்து தட்டிவிட்டு வருவேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். டப்பாவை அன்று மறந்துவிட்டால் அவ்வளவுதான், அதுகளுக்கு ஆயுசே சில நாள்தான்.

அட்டையையே கட்ட வேண்டும் என்றால் டீக்கடைக் காகிதக் கப்பைக் கவிழ்த்து, உள்ளே துண்டை ஒட்டி, கிரீஸ் தடவின நூலில் தொங்கவிடுங்கள். மழையிலும் நனையாது.

மேட்டுக்காடு:
டப்பா முறை நன்றாக இருக்கிறது அம்மா, அடுத்த தவணையில் பாதிக் காட்டுக்கு அதைச் செய்து பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகம். சில கரும்பில் நடுக்குருத்து காய்ந்து, நுனியில் பக்கக் குருத்துகள் கொத்தாக வருகின்றன. தோகையில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள். இதுவும் இடைக்கணுப் புழுதானா?

அந்துப்பூச்சி வளர்த்தவன்:
இல்லை, அது நுனிக்குருத்துப் புழு. அதன் தாய்ப்பூச்சி முட்டைக் குவியலை உடம்பு மயிரால் மூடிவிட்டுப் போகும். உங்கள் அட்டையில் வரும் குளவி அந்தப் போர்வையைத் தாண்டி முட்டையிட ரொம்பத் திணறும். அதற்கு வேறொரு குளவி உண்டு, ஐசோடிமா. உருவத்தில் பெரியது. தண்டுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும் நிலையில் இருக்கிற புழுவைத் தேடிப்பிடிக்கும். ஹெக்டேருக்கு 100 ஜோடி விடச் சொல்வார்கள். பெரும்பாலும் அட்டை மாதிரி எளிதில் கிடைக்காது, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை கொஞ்சம்தான் என்றால் மயிர் மூடிய முட்டைக் குவியலைக் கையால் பிய்த்து எடுப்பதும், காய்ந்த குருத்தை அறுத்து அழிப்பதும் போதும்.

இடைக்கணுப் புழுவின் முட்டை அப்படி மூடியிருக்காது. தோகையில் மெழுகு பூசின மாதிரி தட்டையாக, இரண்டு வரிசையாக இருக்கும். குளவி விட்டு ஐந்தாறு நாள் கழித்து அதைத் தேடுங்கள். முட்டை முழுக்கக் கறுத்திருந்தால் உங்கள் குளவி வேலை செய்திருக்கிறது. வெளிர் முட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தால் அது பொரிக்கப் போகும் புழுவின் தலை.

மேட்டுக்காடு:
சரி அண்ணா. அளவைக் கூட்டலாமா? இன்னும் எத்தனை தவணை கட்ட வேண்டும்?

அந்துப்பூச்சி வளர்த்தவன்:
அளவு சரியாகத்தான் இருக்கிறது. ஹெக்டேருக்கு 2.5 சிசி என்பது ஏக்கருக்கு 1 சிசி. ஒரு சிசி என்றால் ஏறக்குறைய 20,000 முட்டை. நான்காம் மாதத்திலிருந்து ஆறு தவணை. எறும்பையும் சூட்டையும் சரிசெய்யாமல் இரண்டு சிசி கட்டினால் எறும்புக்கு இரட்டிப்பு விருந்து, அவ்வளவே.

ஐந்தாம் மாதத்துச் சோகை உரிப்பை அடுத்த அட்டைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். உரித்ததைக் காட்டிலேயே கட்டிப் போடாமல் பாரில் பரப்பிவிடலாம். ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதானால் ஏக்கருக்கு 10. வாங்கும்போது இடைக்கணுப் புழுவுக்கான கவர்ச்சி வில்லைதானா என்று உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் இளங்குருத்துப் புழுவுக்கானதைக் கொடுத்துவிட்டால் பொறி காலியாகத்தான் தொங்கும்.