புற்றுநோயாளிகளின் வலியும் மருகலும்: வீடுகளில் பார்த்ததைச் சொல்லுங்க

வீடு வீடாகப் போகும் செவிலியர், பாளையங்கோட்டை:
முக்கூடல் பக்கம் பீடி சுத்துற ஆச்சி, வாய்ப்புற்று. எப்படி இருக்குன்னு கேட்டா "கிடக்கு தாயி"ன்னுதான் சொல்வாங்க. மாத்திரையை எண்ணினாத்தான் விஷயம் தெரியுது. 4 மணி நேரத்துக்கு ஒருக்க போட வேண்டிய வலி மாத்திரை மார்ஃபின், நாளுக்கு 2தான் குறைஞ்சிருக்கு. தாங்க முடியாதப்ப போடலாம்னு ஒதுக்கி வச்சிருக்காங்க. வலி ஏறினபிறகு போட்டா பிடிக்க அரைமணி ஆகும். அதுவரைக்கும் தவிப்பு, அடங்கினாலும் அடுத்தது எப்ப வருமோன்னு பயம். பாதிப் பதற்றம் இதுலதான் இருக்கு. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10னு மணி பார்த்துக் கொடுங்க. ராத்திரிக்கு இரட்டை அளவு டாக்டர் எழுதியிருந்தா 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். மலமிளக்கி முதல் நாளே தொடங்கணும். வயிறு இறுகினா மார்ஃபினை அவங்களே நிறுத்திருவாங்க.

தன்னார்வலர், அம்பாசமுத்திரம்:
மெலிவு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் நோயிலயும் வரும். அதை வச்சு மனச்சோர்வுன்னு சொல்ல முடியாது. பேரப்பிள்ளை வந்தாலும் முகம் மலரல, எல்லாருக்கும் பாரமாயிட்டேன்னு புலம்பல், இது 2 வாரம் தாண்டினா டாக்டர்கிட்ட சொல்லுங்க. "சவம், போய்ச் சேர்ந்தாத் தேவல"ன்னு நம்மூர்ல சலிப்புல சொல்றதுதான். அதுக்காக விட்டுராதீங்க. "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா?"ன்னு நேராவே கேளுங்க. கேட்கிறதால அந்த எண்ணம் முளைக்காது. ஆமான்னா தனியா விடாதீங்க. வயலுக்கு வாங்கின பூச்சிமருந்தை வீட்டை விட்டு எடுங்க, மார்ஃபினைப் பூட்டி வைங்க, அன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. 14416ங்கிற மனநல உதவி எண்ல தமிழ்லயே பேசலாம், காசில்லை.

மருந்தாளுநர், தென்காசி:
மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மாத்திரைங்கிறதால, அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினதும் "எங்கம்மாவுக்கென்ன பைத்தியமா?"ன்னு சண்டைக்கு வர்றாங்க. எரியுற, சுண்டி இழுக்கிற நரம்பு வலிக்கு அதுதான் மருந்து அண்ணாச்சி! மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும், நாலாம் நாள் நிறுத்தாதீங்க. டிரமடால்ங்கிற வலி மாத்திரை சாப்பிடறவங்க அதை மனநல டாக்டர்கிட்ட சொல்லணும், சேர்ந்தா சில மாத்திரை ஆபத்து. மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் போடறவங்களும் சொல்லணும். ஃப்ளூஆக்செடின், பராக்செடின்ங்கிற மனச்சோர்வு மாத்திரை ரெண்டும் அதோட வேலையைக் கெடுக்கும். டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில கொடுங்க, சாயங்காலம் போட்டா ராத்திரி முழுக்கக் கொட்டக்கொட்ட முழிப்புதான்.

செவிலியர், மறுபடியும்:
ஒண்ணு விட்டுப்போச்சு. நேத்துவரை பேசினவங்க இன்னைக்குத் திடீர்னு மந்தமாகி, ஆளை மாத்திச் சொன்னா அது மனச்சோர்வு இல்ல. கிருமித்தொற்று, ரத்தத்துல உப்புக் குறைவு, மருந்து கூடினதுன்னு எதுவும் இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி.