புதுப்பிப்பு: இரைச்சல் பட்டையைக் கையிலிருந்து கழற்றிவிட்டேன்

விசைத்தறி ஓட்டுபவர்களின் காதைக் காக்க, இரைச்சல் கூடினால் அதிரும் கைப்பட்டை ஒன்றைச் செய்கிறேன், கருத்துச் சொல்லுங்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். "தறிக்குடோனுக்குள் வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். போனேன். அதுதான் சரியான அறிவுரை.

சோமனூரில் தறி ஓட்டும் ஓர் அக்கா கட்டிப் பார்த்தார். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தி, முடிச்சுப் போடக் கையை நீட்டினார். பட்டையின் விளிம்பு பட்டு இன்னும் இரண்டு இழைகள் அறுந்தன. "தம்பி, வளையலையே கழற்றி வைத்துவிட்டுத்தான் தறிக்கு வருகிறேன்" என்றார். அதிர்வும் அவருக்குத் தெரியவில்லை. அங்கே தரையே அதிர்கிறது.

ஆகவே இப்போது அது சட்டைக் காலரில் மாட்டும் சிறு வில்லை. காதுக்கு அருகில் இருப்பதால் இரைச்சல் அளவும் சரியாகக் கிடைக்கும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்தான். அந்த நேரம் முடியும்போது வில்லை சிவப்பாக ஒளிரும்.

பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் தறி ஓட்டுபவர்களே, இரண்டு விஷயம் சொல்லுங்கள். பஞ்சுத் தூசி படிந்தால் எதைக்கொண்டு துடைப்பீர்கள்? இந்த அளவுகளை முதலாளி பார்க்கலாமா, உங்களுக்கு மட்டும் போதுமா? இரண்டாவதற்கு உங்கள் பதில் வராமல் அடுத்த மாதிரியைத் தொடமாட்டேன்.