படுத்தாலும் தோள் தளரவில்லை: சவாசனத்தை எப்படிப் பழகுவது?

கேள்வி: பூக்கடைக்காரர், மாட்டுத்தாவணி

வணக்கம். மலர்ச் சந்தையில் மல்லிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கடை திறக்க வேண்டியிருப்பதால், மதியம்தான் எனக்கு ஓய்வு நேரம். யோகா வகுப்பில் கற்ற, மல்லாந்து அசையாமல் படுக்கும் சவாசனத்தை வீட்டில் செய்யும்போது, கண்ணை மூடியதும் தாடை இறுகுகிறது. மனம் கிலோ என்ன விலைக்குப் போனது என்று கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. சில நாட்களில் அப்படியே தூங்கியும் விடுகிறேன். உடலும் மனமும் முழுமையாகத் தளர்வதற்கு முறையான பயிற்சி உண்டா?

பதில்: யோகா ஆசிரியை, திருப்பரங்குன்றம்

ஐயா, பிணம்போல் மல்லாந்து படுப்பது களைப்பைப் போக்கி மனத்துக்கு ஓய்வு தரும் என்று பழைய யோக நூலான ஹடயோகப் பிரதீபிகை கூறுகிறது. ஆனால், தளர்ந்து கிட என்று சொன்ன மாத்திரத்தில் எந்தத் தசையும் தளர்ந்துவிடாது. அது இறுகியிருப்பதே நமக்குத் தெரியாது என்பதால், முதலில் வேண்டுமென்றே இறுக்க வேண்டும். வலது காலைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, விறைப்பாக்கி, மூச்சை விடும்போது அப்படியே விழ விடுங்கள்; அடுத்து இடது கால், பிறகு கைகளை முஷ்டி பிடித்து விடுதல், பிறகு தோள்களைக் காதுவரை ஏற்றி இறக்குதல், கடைசியாக முகம் முழுவதையும் சுருக்கி விடுதல். தாடைக்கு ஒரு சிறு வழி உண்டு: உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் நாக்கு மேலண்ணத்தில் அழுந்தாமலும் இருக்கட்டும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனும் இறுக்கித் தளர்த்தும் இத்தகைய முறையைத்தான் 1929-இல் நூலாக எழுதினார். இதற்குப் பிறகே, கால் விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒவ்வோர் உறுப்பாக மனத்தால் தொட்டுச் செல்ல வேண்டும்.

பதில்: அலங்காநல்லூர் வாசகர்

எங்கள் பகுதியிலுள்ள சிவானந்த மீனாட்சி ஆசிரமத்தின் மரபில், முறையான தளர்வு என்பது யோகத்தின் ஐந்து அடிப்படைகளுள் ஒன்று. ஆசனங்களுக்கு இடையிலும் படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள். நேரில் ஒருவர் குரல் கொடுக்கக் கேட்டுக் கற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மனக்கணக்கை விரட்ட முயல வேண்டாம். உள்மூச்சைவிட வெளிமூச்சைச் சற்று நீளமாக விட்டு, அதை எண்ணிக்கொண்டிருங்கள்.

பதில்: செவிலியர், மேலூர்

தூங்கிவிடுவதில் தவறில்லை; உங்கள் உடலுக்குத் தூக்கம் குறைவாக இருக்கிறது, அதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். யோக நித்திரை வேறு: பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்தியானந்த சரஸ்வதி வகுத்த அம்முறையில், வலது கட்டைவிரலில் தொடங்கி உடலெங்கும் கவனம் நகர்ந்துகொண்டிருக்க, விழிப்பு அறாமல் குரலைப் பின்தொடர வேண்டும். இடுப்பு வலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரானால், பயிற்சியை நம்பி அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. சாப்பிட்டவுடன் செய்யலாமா?

யோகா ஆசிரியை

வயிறு நிறைந்திருந்தால் உறக்கமே வரும், ஐயா. கடையிலிருந்து வந்து குளித்ததும், சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் செய்யுங்கள். எழும்போது வலப்பக்கம் ஒருக்களித்து, கையை ஊன்றி மெதுவாக எழுந்திருங்கள்.