ஐஸ்லாந்தில் மலைப்பாதை சீரமைக்கும் தன்னார்வ முகாம்: சேர்வதற்கு முன் அறிய வேண்டியவை

கேள்வி: குறிஞ்சி

வணக்கம். தெற்கு ஐஸ்லாந்தின் தோர்ஸ்மோர்க் பள்ளத்தாக்கில், கோடைக்காலத்தில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் கூடாரமடித்துத் தங்கி, மலைப்பாதைகளைச் சீரமைக்கிறார்கள் என்று அறிந்து, அடுத்த கோடையில் அவர்களோடு சேர விரும்புகிறேன். மலையேறிப் பழக்கம் உண்டு. நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்த பழக்கம் இல்லை. உடல் தாங்குமா, விசாவுக்கு என்ன செய்ய வேண்டும், சைவ உணவு கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. புதர் வெட்டிப் பாதையைத் துப்புரவாக்க அந்நாட்டிலேயே ஆளில்லையா? இவ்வளவு தொலைவு நாம் போவதால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

மறுமொழி 1: கல்வரப்பு

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவை அனைத்தும் அதைப் பொறுத்தவை. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை 4 லட்சத்தை ஒட்டியது. ஆண்டுதோறும் அங்கு வரும் பயணிகளோ 20 லட்சத்துக்கும் மேல். 55 கிலோமீட்டர் நீளமுள்ள லௌகாவேகூர் நடைவழி தோர்ஸ்மோர்க்கில்தான் முடிகிறது. அத்தனை கால்களையும் தாங்கும் மண் அங்கில்லை. எரிமலைச் சாம்பலால் ஆன அந்த மண்ணில் ஒட்டிப்பிடிக்கும் களித்தன்மை மிகக் குறைவு. மேலிருக்கும் பாசியும் புல்லும் மிதிபட்டுப் போனால், மழைநீர் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். பாதை பள்ளமானதும் நடப்பவர்கள் ஓரத்துப் புல்லில் ஏறி நடப்பார்கள். அங்கே இரண்டாவது பாதை விழும், பிறகு மூன்றாவது.

ஆகவே அங்கு வேலை என்பது பெரும்பாலும் புதர் வெட்டுவது அன்று, தண்ணீரை வெட்டிவிடுவது. பாதையின் குறுக்கே சாய்வாகக் குழி தோண்டி, ஒரு கட்டையை அதன் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி இறக்கி, இருபுறமும் கல் திணித்துச் சம்மட்டியால் இறுக்குவார்கள். கட்டை மேல் ஏறி நின்றால் அசையக் கூடாது. சாய்வு குறைந்தால் வண்டல் தேங்கிக் கட்டையே மூடிப்போகும். கூடினால் தண்ணீர் வேகமெடுத்து ஓரத்தை அரிக்கும். கைவிடப்பட்ட கிளைப்பாதைகளில் புல்கற்றைகளைப் பெயர்த்து வைத்து மூடுவதும் உண்டு. நுணுக்கமான, பொறுமை கோரும் வேலை.

மக்கள் முதன்முதலில் குடியேறிய காலத்தில் அந்நாட்டில் குறைந்தது கால்பங்கு நிலத்தில் பர்ச் என்னும் மரத்தின் காடு இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று எஞ்சியுள்ள இயற்கைக் காடு ஏறக்குறைய 1.5 விழுக்காடுதான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக ஆட்டு மேய்ச்சலைத் தடுத்து மீட்டெடுத்த காடு தோர்ஸ்மோர்க். அங்கே ஒரு பாதை அரிக்கப்படுவது சிறிய இழப்பு அன்று. உங்கள் உழைப்புக்குப் பயன் உண்டு என்றே உறுதியாகச் சொல்வேன்.

மறுமொழி 2: கடவுச்சீட்டு

விசாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஐஸ்லாந்து, பொதுவான விசா முறை கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தது; 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை தங்கக் குறுகியகால விசா போதும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முகாம் நடத்துபவர்களிடம், ஊதியமில்லாத் தன்னார்வப் பணி என்று குறிப்பிட்ட அழைப்புக் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். சுற்றுலா என்று மட்டும் எழுதிவிட்டு முகாமை மறைக்கும்படி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மறுமொழி 3: ஈரக்கூடாரம்

உடலைப் பற்றி: மலையேறுபவருக்குக் கால் தாங்கும், தோளும் இடுப்பும்தான் முதலில் வலிக்கும். இப்போதிருந்தே குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்கிப் பழகுங்கள். ஜூலையிலும் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரிக்குள்தான் இருக்கும், அதோடு மழையும் காற்றும் சேர்ந்துகொள்ளும். பருத்தி உடை நனைந்தால் எளிதில் காயாது. உள்ளாடை முதல் கம்பளியாகவே எடுத்துச் செல்லுங்கள். காற்றுக்குத் தாங்காத மலிவான கூடாரம் வேண்டவே வேண்டாம். நடுக்கோடை இரவுகளில் இருட்டே இராது என்பதால் கண்ணை மூடக் கட்டுத்துணி ஒன்றும் தேவை.

தோர்ஸ்மோர்க்கில் ஓடும் கிராஸ்ஸா ஆற்றைத் தனியே இறங்கிக் கடக்க முயலாதீர்கள். பனியாற்று உருகுநீர் என்பதால் அதன் போக்கு மாறிக்கொண்டே இருக்கும். நடப்பவர்களுக்காக அங்கே சக்கரம் வைத்த நகரும் பாலங்களையே போட்டிருக்கிறார்கள்.

இத்தகைய முகாம்களில் சமையல் பொதுவாக முறைவைத்து நடக்கும், சைவம் அங்கு புதிதன்று. உங்கள் முறை வரும் நாளில் பருப்பும் சோறும் செய்துகொடுத்தால், மழையில் நனைந்து திரும்புபவர்கள் மகிழ்ந்து உண்பார்கள்.

குறிஞ்சி:

மூவருக்கும் நன்றி. அழைப்புக் கடிதம் கேட்டு இன்றே எழுதுகிறேன். கல்வரப்பு அவர்களே, கட்டைக்குப் பதிலாகக் கல்லையே குறுக்கே பதிப்பது உண்டா?

கல்வரப்பு:

உண்டு. ஏற்ற கல் அருகில் கிடைக்கும் இடங்களில் அதுவே மேல். கட்டை என்றாவது உளுத்துப்போகும். ஆனால் ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்த இருவர் வேண்டும், விரலைக் கல்லுக்கடியில் விடாதிருக்க முதல் நாளே கற்றுக்கொடுப்பார்கள். அதைக் கவனமாகக் கேளுங்கள்.