"பல் முளைக்கும்போது பேதி ஆகும், நிறுத்தக்கூடாது" – இப்படி எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்

கரிசல்செவிலி:
நேற்று 'பாட்டன்சொத்து' போட்ட பதிவைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல் முளைக்கும்போது குழந்தைக்குப் பேதி ஆகுமாம். உடம்புச் சூடு அந்த வழியாக இறங்குகிறதாம், அதனால் நிறுத்தக்கூடாதாம். வசம்பைச் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, ஒரு சொட்டுத் தேன் சேர்த்து ஈறில் தடவினால் போதுமாம். பாரசிட்டமால் கொடுக்கிறவர்கள் பிள்ளையின் ஈரலைக் கெடுக்கிறவர்களாம். இதற்குக் கீழே வரிசையாக 'அருமை ஐயா', 'பொக்கிஷம் ஐயா'.

நான் கிராமத்தில் செவிலியாக வேலை பார்த்தவள். 'பல்லு முளைக்குது சிஸ்டர், அதான் போகுது' என்று சொல்லிக்கொண்டே தூக்கி வருவார்கள். குழந்தையின் கண் குழி விழுந்திருக்கும். அழும், கண்ணீர் வராது. வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டால் மடிப்பு படியாமல் அப்படியே நிற்கும். கட்டிய துணி ராத்திரியிலிருந்து நனையவில்லை என்பார்கள். பேதி நல்லது என்று யாரோ பெரிய மனுஷர் சொன்னதை நம்பி வீட்டிலேயே வைத்திருந்ததன் பலன் அது.

பல்லுக்கும் பேதிக்கும் சம்பந்தம் இல்லை. ஈறு வீங்கும், எச்சில் வடியும், கையில் கிடைத்ததைக் கடிக்கும், காதைத் தேய்க்கும், சிணுங்கும், உடம்பு லேசாக வெதுவெதுக்கும். அவ்வளவுதான். 100.4 டிகிரியைத் தொட்டால் அது காய்ச்சல். அதைப் பல் கணக்கில் எழுதாதீர்கள்.

பாட்டன்சொத்து:
வணக்கம் அம்மா. பெயர் சொல்லி இழுத்ததற்கு நன்றி. போன மாதம், பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பதைப் பற்றி நான் எழுதியபோதும் முதல் ஆளாக வந்து சண்டை போட்டது நீங்கள்தான். இப்போது வசம்பு. அடுத்தது தொட்டில் கட்டக்கூடாது என்பீர்களா?

என் தாத்தா உரைகல்லோடு திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து நிற்கும். சுக்கு, வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய். எதை எத்தனை இழைப்பு இழைக்க வேண்டும் என்று பிள்ளையின் மாதத்தைக் கேட்டுத்தான் கல்லில் கை வைப்பார். உங்கள் ஊசி மருத்துவம் என்ன செய்தது? இங்கிலாந்தில் பல் முளைக்கிற பிள்ளைகளுக்குப் பாதரசம் சேர்ந்த பொடியைக் கொடுத்தார்கள். கையும் காலும் சிவந்து, தோல் உரிந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் துடித்தன அந்தக் குழந்தைகள். அந்தப் பொடியில் பாதரசத்தை நிறுத்தியது 1954-ல்தான். அமெரிக்காவில் 1849-லிருந்து மார்ஃபின் கலந்த சிரப்பைப் பல் வலிக்கு விற்றார்கள். இவர்கள் நமக்குப் பாடம் எடுக்க வருகிறார்கள்.

பேதி விஷயத்துக்கு வருகிறேன். பல் பேதி வேறு, நோய்ப் பேதி வேறு. பல் பேதி ஆகும். ஆகத்தான் செய்யும். எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகப் பார்த்தது.

ஆறுமாதத்தாய்:
ஒரு சந்தேகம். பேதி என்றால் எத்தனை தடவை போக வேண்டும்? என் மகளுக்குத் தாய்ப்பால்தான், இப்போதுதான் கேழ்வரகுக் கூழ் ஆரம்பித்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து தடவை இளகலாகப் போகிறாள். ஆனால் சிரித்து விளையாடுகிறாள். இது பேதியா? கீழ் ஈறில் வெள்ளையாகத் தெரிகிறது. ராத்திரி தூங்க விடுவதே இல்லை. முதலில் ஈறு வலிக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்.

கரிசல்செவிலி:
பாதரசக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்களே, மீதியையும் சொல்லுங்கள். அதைக் கண்டுபிடித்தது யார்? சின்சினாட்டியில் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர் நோயாளிக் குழந்தையின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைப் பார்த்தார். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அவர்கள் செய்த தப்பை அவர்களே தேடிப் பிடித்தார்கள். உங்கள் உரைகல்லிலிருந்து இதுவரை ஒரு சரக்காவது 'இது ஆகாது' என்று நீக்கப்பட்டிருக்கிறதா? வசம்பில் இருக்கிற அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கக் கூடாதென்று 1968-லேயே தடை போட்டார்கள். தேனை ஒரு வயது முடியும்வரை நாக்கில் வைக்கவே கூடாது. அதில் பாட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம், பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சைச் சுரந்தால் கை கால் துவண்டு மூச்சே நின்றுபோகும். சேனை பேச்சிலும் இதைத்தான் சொன்னேன், காது கொடுக்கவில்லை.

இப்போது பேதி. ஆறு மாதம் வாக்கில் அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே சமயம் குழந்தை தவழ ஆரம்பிக்கிறது, தரையில் கிடக்கிற செருப்பு முதல் சாவிக்கொத்து வரை வாயில் போகிறது, கூழும் கிண்ணமும் கரண்டியும் வருகின்றன. கிருமி உள்ளே போகிறது, பேதி ஆகிறது. பல்லும் அப்போதுதான் வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அமெரிக்காவில் 2000-ல் வெளிவந்த ஆய்வில் 125 குழந்தைகளின் 475 பற்களைப் பெற்றோரே நாள்தோறும் குறித்துவைத்தார்கள். பல் வந்த நாட்களில் பேதி கூடவில்லை. கூடவில்லை!

பாட்டன்சொத்து:
அமெரிக்கக் குழந்தை கேழ்வரகுக் கூழா குடிக்கிறது? நம் மண், நம் உடம்பு, நம் சூடு. 125 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊருக்கே தீர்ப்பா? பல் பேதி ஆகும்.

மாத்திரைக்கடை:
கடை வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பல் வலிக்கு ஈறில் தடவுகிற ஜெல் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. மரத்துப்போக வைக்கிற பென்சோகெயின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதையே கெடுத்துவிடும், உதடு நீலம் பூக்கும். இரண்டு வயதுக்குக் கீழே விற்காதே என்று அமெரிக்க மருந்துத் துறை 2018-ல் சொல்லிவிட்டது. வாய்ப்புண்ணுக்குப் போடுகிற சாலிசிலேட் ஜெல்லை 16 வயதுக்குக் கீழே வேண்டாமென்று பிரிட்டன் 2009-ல் நிறுத்தியது. கிராம்பு எண்ணெயும் ஈறில் வேண்டாம். பாட்டில் கைக்கெட்டி ஒரு சின்னப் பிள்ளை குடித்துவிட்டால் ஈரலே போகும்.

பாரசிட்டமால் விஷம் இல்லை, அளவு தப்பினால்தான் ஆபத்து. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லிக்கு 125, அதாவது மில்லிக்கு 25தான். சிரப்புக்கு எழுதிய 5 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராம் போதும். அட்டையைப் படிக்காமல் ஊற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

பாட்டன்சொத்து:
கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரரே ஒத்துக்கொள்கிறார், இங்கிலீஷ் மருந்து ஆபத்து என்று.

மாத்திரைக்கடை:
நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. கிராம்பு எண்ணெயையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

கரிசல்செவிலி:
கடைக்காரத் தம்பி, நல்லது சொன்னீர்கள். ஆனால் பேதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே? உங்கள் தொழில்காரர்கள் மேல் எனக்குப் பழைய கோபம் இருக்கிறது. பிள்ளைக்குப் பேதி என்று வந்தால் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் பாட்டிலைக் கையில் கொடுப்பது யார்? 'ஓஆர்எஸ்' என்று பெயர் போட்ட சர்க்கரைப் பானத்தை அட்டை டப்பாவில் அடுக்கி விற்றது யார்? 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரையே போடக்கூடாதென்று சொல்லும்வரை விற்றீர்கள்தானே? பேதிக்கு வேண்டியது நிஜமான ஓஆர்எஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட், 14 நாளைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தருகிறார்கள். அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

மாத்திரைக்கடை:
எல்லாக் கடையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் அக்கா. என் கடையில் அந்த டப்பா இருந்ததே இல்லை. நான் பேச வந்தது பல் ஜெல்லைப் பற்றி.

கரிசல்செவிலி:
இங்கே பேச்சே பேதியைப் பற்றித்தான்.

நல்லூரான்:
நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டிலே பிள்ளைக்குப் பல்லு வந்தால் வைத்தியம் பார்க்கிறதுக்கு முன்னம் பல்லுக்கொழுக்கட்டைதான். தேங்காயைப் பல்லு மாதிரி சீவிக் கொழுக்கட்டையின் விளிம்பில் குத்தி அவித்து, பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து அதிலே கொட்டுவினம். முன்னுக்குப் புத்தகம், பேனை, நகை எல்லாம் வைத்து எதை எடுக்குது என்று பார்ப்பினம். ஈறு நோவுக்கு அம்மம்மா சுத்தமான துணியை நனைத்துக் குளிர வைத்துக் கடிக்கக் கொடுப்பா. வயிற்றோட்டம் என்றால் உடனே ஆஸ்பத்திரிதான். பல்லோடு அதை ஒருத்தரும் முடிச்சுப் போட்டதில்லை.

பாட்டன்சொத்து:
உங்கள் அம்மம்மா மேல் மரியாதை உண்டு. ஆனால் சடங்கை மட்டும் வைத்துக்கொண்டு மருந்தைக் கைவிட்டதால்தான் அனுபவ அறிவு போய்விட்டது.

நல்லூரான்:
எங்கட ஆக்களின் அறிவைப் பற்றி நீங்கள் முடிவு சொல்லத் தேவையில்லை. பிள்ளை தண்ணி வற்றிக் கிடக்கேக்கை வசம்பு உரசிக்கொண்டு இருக்கிறதுதான் அனுபவ அறிவோ?

திருச்சிமாமன்:
சடங்கு என்றதும் ஞாபகம் வருகிறது. என் அக்கா மகனுக்கு மேல் பல் முதலில் வந்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்று வீட்டில் ஒரே ரகளை. பரிகாரம் என்று என் செலவில் கோயில் கோயிலாக அலைய வைக்கிறார்கள். இதற்கு அறிவியல் என்ன சொல்கிறது?

மாத்திரைக்கடை:
பெரும்பாலும் கீழ் முன்பற்கள் இரண்டும்தான் முதலில் வரும். சில குழந்தைக்கு மேல் பல் முந்தும். நாலாம் மாதத்திலேயே வருவதும் உண்டு, ஒரு வயதுவரை வாய் காலியாக இருப்பதும் உண்டு. மூன்று வயதுக்குள் பால் பல் இருபதும் வந்துவிடும். மாமனுக்கு ஒன்றும் ஆகாது.

பாட்டன்சொத்து:
பெரியவர்கள் காரணம் இல்லாமல் சொல்லமாட்டார்கள். பரிகாரம் செய்துவிடுங்கள் தம்பி.

கரிசல்செவிலி:
மாமன் பிழைத்துக்கொள்வார். பிள்ளையைக் கவனியுங்கள். பல் பேதி ஆகும் என்றீர்களே, எந்தப் பிள்ளையின் பேதி பல்லால் வந்தது, எது கிருமியால் வந்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்கள்.

பாட்டன்சொத்து:
நிறத்திலும் வாடையிலும் தெரியும். பழகியவர்களுக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை.

உங்களை நான் ஒன்று கேட்கிறேன். நைஜீரியாவில் 2008-ல் பல் வலி சிரப்பு குடித்து 84 பிள்ளைகள் செத்தார்களே, அதில் இருந்தது வசம்பா? பாரசிட்டமால் சிரப்பு. டைஎத்திலின் கிளைகால் என்ற நச்சுத் திரவம் கலந்து சிறுநீரகம் போயிற்று. 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் பிள்ளைகளைக் கொன்ற இருமல் சிரப்பு எங்கே தயாரானது? நம் காஞ்சிபுரத்தில். உரைகல்லில் இழைத்த மருந்து எந்த ஊரில் இத்தனை பிள்ளைகளைக் கொன்றது? சொல்லுங்கள்.

கரிசல்செவிலி:
அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. கலப்படம் செய்தவனையும் கண்டுகொள்ளாமல் விட்ட அதிகாரியையும் உள்ளே தள்ளுங்கள், நான் கைதட்டுகிறேன். பல் வலிக்கு எடுத்ததும் சிரப்பு ஊற்று என்று நான் எங்கேயாவது எழுதினேனா? கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெதுவாக அழுத்தித் தேய்த்துவிடலாம். கடிக்கிற ரப்பர் வளையத்தைப் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் குளிர வைத்துக் கொடுக்கலாம், ஃப்ரீசரில் வைத்தால் ஈறு புண்ணாகும். தாடையில் வடிகிற எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் சிவந்து எரியும். பச்சைக் கேரட்டைக் கையில் கொடுக்காதீர்கள், துண்டு உடைந்து தொண்டையில் அடைக்கும். கழுத்தில் மணி மாலையும் வேண்டாம். அப்படியும் ராத்திரி முழுக்க வீறிட்டால், டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவில் பாரசிட்டமால். இதில் விஷம் எங்கே வந்தது?

உரைகல் யாரையும் கொன்றதில்லையா? கணக்கு எழுதியவர் யார்? வீட்டில் செத்தால் 'பல்லு மாந்தம்' என்று புதைத்துவிட்டுப் போனார்கள்.

பாட்டன்சொத்து:
மாந்தத்தைக் கேலி செய்கிறீர்கள். அது சித்தர்கள் வகுத்த நோய். உங்களுக்குச் சித்த மருத்துவம் என்றாலே இளக்காரம்.

கரிசல்செவிலி:
சித்த மருத்துவத்துக்குப் படித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஒருவர் இருந்தார். பேதியோடு வந்த குழந்தையை முதலில் என்னிடம்தான் கரைசல் கொடுக்க அனுப்புவார். அவர் படித்தவர். நீங்கள் பேரன்.

பாட்டன்சொத்து:
பேரன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆறுமாதத்தாய்:
குளிர்ந்த வளையம் கொடுத்துப் பார்க்கிறேன், நன்றி அக்கா. ஆனால் எத்தனை தடவை போனால் பேதி என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

மாத்திரைக்கடை:
தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இளகலாகப் போவது வழக்கம்தான் அம்மா. வழக்கத்தைவிடத் தண்ணியாக, அதிகத் தடவை

கரிசல்செவிலி:
தம்பி, கடையில் இருந்துகொண்டு குழந்தையைப் பார்க்காமல் வழக்கம்தான் என்று சொல்லாதீர்கள். 'வழக்கம்தான்', 'சகஜம்தான்' என்கிற வார்த்தையால்தான் இவ்வளவு வினையும்.

மாத்திரைக்கடை:
நான் முடிக்கவே இல்லையே. சரி, நீங்களே பேசுங்கள். இந்தப் பக்கம் இனி வரமாட்டேன்.

திருச்சிமாமன்:
திருச்செந்தூர் போனால் போதுமா, வைத்தீஸ்வரன் கோயிலும் போக வேண்டுமா?

கரிசல்செவிலி:
பாட்டன்சொத்து அவர்களே, நேற்றைய பதிவில் 'பேதியை நிறுத்தக்கூடாது' என்கிற வரி இன்னும் அப்படியே இருக்கிறது. முதலில் அதை எடுங்கள்.

பாட்டன்சொத்து:
எடுக்கமாட்டேன். பல் பேதியைப் பற்றித் தாத்தாவின் நோட்டிலிருந்து நாளை தனிப் பதிவே போடுகிறேன்.

கரிசல்செவிலி:
போடுங்கள். அதற்குக் கீழேயும் வந்து எழுதுவேன்: பல்லால் பேதி ஆகாது.