பணிவழி உடந்தை: செவிலியர் அறவியலுக்கு ஒரு கலைச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். செவிலியர் அறவியல் பாடநூலுக்காக நாம் தேடும் கலைச்சொல்லுக்கு ‘உடந்தை’, ‘மௌன சம்மதம்’, ‘கூட்டுச்சதி’ ஆகிய பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் முன்வைக்கும் ‘பணிவழி உடந்தை’ பற்றி எழுந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

> ‘உடந்தை’ என்பதே போதுமே, புதுச்சொல் எதற்கு?

நீதிமன்றச் செய்திக்குப் போதும். கொலைக்கு உடந்தை, கொள்ளைக்கு உடந்தை என்று படிக்கும்போது, திட்டம் தெரிந்து கூட நின்ற ஆள்தான் நினைவுக்கு வருகிறார். செவிலியர் பாடநூலில் நாம் பெயரிட வேண்டியது வேறு. வழக்கமான வேலையைச் செய்தபடியே கொடுமைக்குக் கை கொடுப்பது அது.

நாஜி ஜெர்மனியின் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் 1942-43இல் நடந்ததைப் பாருங்கள். கிருமித்தொற்றுக்கான சல்ஃபோனமைடு மருந்தைச் சோதிப்பதற்காக, நாஜி மருத்துவர் கார்ல் கெப்ஹார்ட்டின் குழு, கைதிப் பெண்களின் கால்களைக் கீறிக் கிருமிகளை ஏற்றியது. சிலருடைய காயத்தில் மரத்தூளும் கண்ணாடித் துகளும் சேர்த்து வைக்கப்பட்டன. பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். போருக்குப் பின் நாஜி மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் வழக்கில் சாட்சி சொன்ன ஆசிரியை ஒருவர், பூட்டிய அறைக்குள் ஜெர்மன் செவிலி ஒருவர் வந்து தம் காலில் ஊசி போட்டதையும், உடனே வாந்தி வந்து உடல் தளர்ந்ததையும், பிறகு தம்மை அறுவை அறைக்குக் கொண்டுபோனதையும் விவரித்தார். அறுவைக்கு முன் ஊசி போடுவது எந்த மருத்துவமனையிலும் நடப்பதுதான். ஆனால் படுத்திருந்தவர் நோயாளி அல்லர், கைதி. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

ஆகவே ‘மௌன சம்மதம்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் செவிலி வாய்மூடி வேடிக்கை பார்த்தவர் அல்லர். ஊசி அவர் கையில் இருந்தது. ‘கூட்டுச்சதி’யும் பொருந்தாது. சதி தீட்டியவர்கள் மருத்துவர்கள்.

என் பரிந்துரை: பணிவழி உடந்தை. பணி என்பதில் வேலையும் இருக்கிறது, பணிதலும் இருக்கிறது. உலகச் செவிலியர் மன்றத்தின் 1953ஆம் ஆண்டு நெறிமுறை, மருத்துவரின் ஆணையை விசுவாசத்தோடு நிறைவேற்றவும் சொன்னது, அறமற்ற செயல்களில் பங்கேற்க மறுக்கவும் சொன்னது. அந்த இழுபறி இந்தச் சொல்லுக்குள் நிற்கிறது. செவிலியர் என்றாலும், ஈழத்து வழக்கில் தாதியர் என்றாலும் இது பொருந்தும்.

> ‘பணிவழி’ என்ற அடைமொழி குற்றத்தை இலேசாக்கிவிடாதா?

நியாயமான அச்சம். எனவே சொல்லோடு வரையறையும் போக வேண்டும். அந்த வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்ற, மனிதர்கள் மீதான சோதனைகளுக்கான நியூரம்பர்க் நெறிமுறையின் முதல் விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது: சம்மதத்தை உறுதிசெய்யும் பொறுப்பு, சோதனையைத் தொடங்குபவர், நடத்துபவர், அதில் ஈடுபடுபவர் ஒவ்வொருவருக்கும் உரியது, அதைப் பிறர் தலையில் கட்ட முடியாது. ‘ஈடுபடுபவர்’ என்பதில் செவிலியும் அடக்கம். ராவன்ஸ்புரூக் தலைமைச் செவிலி எலிசபெத் மார்ஷல் 1947இல் தூக்கிலிடப்பட்டார். ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அமெரிக்க விமானப்படைக் கைதிகளை உயிரோடு அறுத்த வழக்கில், 1948இல் யோகோஹாமாவில் ஒரு தலைமைச் செவிலிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆணைக்குக் கீழே வேலை செய்தவர்கள் என்று அவர்களை யாரும் விட்டுவிடவில்லை.

வரையறையை இப்படி வைக்கலாம்: ‘அறமற்றது என்று அறிந்தோ, அறிய வாய்ப்பிருந்தும் கேளாமலோ, தன் தொழில்திறனை அதற்கு அளிப்பது.’ ‘கேளாமலோ’ என்பதை நீக்கச் சொல்பவர்கள் காரணத்தை எழுதுங்கள். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.